ஆற்றோடு வளைந்து போங்கள்: மோசெல் சைக்கிள் பயணம், வாசகர் கேள்வி பதில்

ஜெர்மனியில் மோசெல் ஆற்றங்கரையோரமாக ஒரு வாரம் சைக்கிளில் போய்வந்ததைப் பற்றிப் போன இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, எனக்கு நேரடியாகத் தெரிந்தவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன், இரண்டு தடவை என் தங்கையோடு, ஒரு தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

அக்கா, எனக்கு 52 வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் 15 கி.மீ. ஓட்டுவேன், அவ்வளவுதான் பழக்கம். நாள்கணக்கில் ஓட்ட என்னால் முடியுமா? எத்தனை நாள் வேண்டும்?
– கோவை வாசகி

முடியும். 15 கி.மீ. ஓட்டுகிறவர் காலையில் 15, சாப்பிட்டுவிட்டு மதியம் 15 ஓட்டினால் 30 ஆகிவிட்டது, இந்தப் பாதையில் ஒரு நாளைக்கு அதுவே போதும். மோசெல் பாதை ஆற்றை ஒட்டியே போவதால் ஏற்றம் என்று சொல்லும்படி ஒன்றும் கிடையாது, பாலம் ஏறி இறங்குவதுதான் பெரிய ஏற்றம். பெரும்பாலும் தார் போட்ட தனிப் பாதை. சில இடங்களில் நெடுஞ்சாலையை ஒட்டிப் போகும், சில இடங்களில் திராட்சைத் தோட்டத்துக்கு டிராக்டர் போகும் வழியிலேயே நாமும் போவோம்.

டிரியர் நகரத்துக்கும் ஆறு ரைனில் கலக்கிற கோப்லென்ஸுக்கும் நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 100 கி.மீ.தான் இருக்கும். ஆற்றோடு போனால் அதுவே 195 கி.மீ. ஆகிறது. அந்த அளவுக்கு வளைகிறது மோசெல். சில இடங்களில் ஒரு மணி நேரம் மிதித்த பிறகு நிமிர்ந்து பார்த்தால், காலையில் புறப்பட்ட ஊரின் கோபுரம் மலை முதுகுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். இதை அவசரமாகக் கடக்கவே கூடாது, நான் திரும்பத் திரும்பச் சொல்வது இது ஒன்றுதான். முதல் தடவை நானும் தங்கையும் டிரியரிலிருந்து கோப்லென்ஸுக்கு மூன்றே நாள் போட்டோம். இரண்டாம் நாள் கோஹெம் போய்ச் சேரும்போது இரவு 8.40, விடுதியில் அடுப்பை அணைத்துவிட்டார்கள், பையில் இருந்த பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்தோம். படுத்த பிறகு தங்கை கேட்டாள், "பைல்ஷ்டைன் எந்தக் கரையில இருந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை. அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள், அதைத் தாண்டி வந்ததே தெரியாமல் வந்திருக்கிறோம்.

அதனால் ஏழு நாள் வைத்துக்கொள்ளுங்கள். டிரியரில் இறங்கி சைக்கிள் எடுத்து, முதல் நாள் ரயிலில் பெர்ல் போய், அங்கிருந்து ஆற்றோடு டிரியருக்கே திரும்பி வாருங்கள், கிட்டத்தட்ட 50 கி.மீ. இந்த ஏழு நாளில் நீளமான நாள் இதுதான், ஆனால் முழுக்கச் சமதளம். அது அதிகம் என்று தோன்றினால் முதல் நாளை விட்டுவிட்டு டிரியரிலிருந்தே தொடங்கலாம். இரண்டாம் நாள் நோய்மாகன்-ட்ரோன் வரை 40. மூன்றாம் நாள் பெர்ன்காஸ்டெல்-கூஸ், 25. நான்காம் நாள் டிராபன்-டிரார்பாக், 24. ஐந்தாம் நாள் ட்செல் வழியாக பைல்ஷ்டைன், 45. ஆறாம் நாள் மோசெல்கெர்ன், 27. கடைசி நாள் கோப்லென்ஸ், 34. இடையில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டாலும் இந்தக் கணக்கு தாங்கும்.

புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து, வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு நாள் ஓட்டிப் பழகுங்கள். தூரத்தைக் கூட்டுவதைவிட, மறுநாளும் அதே சீட்டில் உட்கார்வதுதான் பழக வேண்டிய விஷயம். பஞ்சு வைத்த சைக்கிள் நிக்கர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், சுடிதாருக்கு உள்ளேயும் போட்டுக்கொள்ளலாம்.

பெர்ல் என்ற ஊரிலிருந்து தொடங்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஏன் அங்கிருந்து?
– சென்னை வாசகர்

ஏனென்றால் பாலத்தைத் தாண்டினால் எதிர்க்கரையில் இருப்பது ஷெங்கன். நாமெல்லாம் விசா மையத்தில் வரிசையில் நின்று, வங்கிக் கணக்கு, விடுப்புக் கடிதம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு என்று காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வாங்குகிற அந்த விசாவுக்குப் பெயர் கொடுத்த ஊர் அது. லக்சம்பர்க் நாட்டில், மோசெல் கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற சின்னக் கிராமம். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன, அதுவும் ஆற்றில் நின்றிருந்த ஒரு கப்பலில் வைத்து. பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க் மூன்று எல்லைகளும் அங்கே கூடுகின்றன. காலை பத்து மணிக்குள் மூன்று நாட்டிலும் சைக்கிள் ஓட்டிவிடலாம், பெரும்பாலும் ஒருவரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. (சில சமயம் எல்லையில் போலீஸ் சோதனை இருக்கிறது, பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும்.)

அங்கிருந்து லக்சம்பர்க் கரையோரமாக ரெமிக், வாசர்பில்லிக் வந்து மறுபடி ஜெர்மனிக்குள் நுழைந்தால் ஈகல் என்று ஒரு ஊர். சைக்கிளை நிறுத்துங்கள். சாலை ஓரத்தில், வீடுகளுக்கு நடுவில், 23 மீட்டர் உயர ரோமானியக் கல்தூண் ஒன்று நிற்கிறது. மூன்றாம் நூற்றாண்டில் துணி வியாபாரம் செய்த ஒரு குடும்பம் எழுப்பிய நினைவுத் தூண். துணியை விரித்துப் பார்க்கிறார்கள், பொதியைக் கட்டுகிறார்கள், வண்டியிலும் படகிலும் ஏற்றி அனுப்புகிறார்கள், எல்லாம் கல்லில் செதுக்கி இருக்கிறது. ஈரோட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

விமானத்தில் லக்சம்பர்க்கில் இறங்க முடிந்தால் நல்லது, அந்த நாட்டுக்குள் 2020-லிருந்து பஸ், டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாமே இலவசம். ஜெர்மனிப் பகுதிக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும்.

நான் குடிக்கிறவன் இல்லை. ஒயின் விளையும் ஊர்களுக்கு நடுவில் ஒரு வாரம் எனக்கு என்ன இருக்கிறது?
– நாகர்கோவில் வாசகர்

திராட்சைச் சாறு இருக்கிறது, அதையே முதலில் சொல்கிறேன். ஒயின் போடுகிற குடும்பங்களில் பல, அதே பழத்தைப் பிழிந்து புளிக்கவிடாமல் சாறாகவும் பாட்டிலில் அடைத்து விற்கின்றன. நான் குடித்ததில் நல்லது டிராபனுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் கொடுத்த, ரீஸ்லிங் என்ற வகைத் திராட்சையின் சாறு. இனிப்பு நாக்கில் பட்டு, உடனே பின்னாலேயே ஒரு புளிப்பு வந்து வாயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போகும். வெயிலில் ஓட்டிக் களைத்து வந்தவர்கள் அதில் பாதிக்குப் பாதி சோடா கலந்து குடிக்கிறார்கள், நீங்களும் அப்படியே கேளுங்கள். யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

அந்த முற்றங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். திராட்சை விவசாயி தன் வீட்டு முற்றத்தையோ கொட்டகையையோ வருடத்துக்கு நான்கு மாதம் வரை திறந்து, தன் தோட்டத்து ஒயினையும் எளிய சாப்பாட்டையும் விற்கலாம், 40 இருக்கைக்கு மேல் போடக் கூடாது. வாசலில் ஒரு துடைப்பத்தையோ தழைக் கொத்தையோ கட்டித் தொங்கவிட்டிருந்தால் இன்று திறந்திருக்கிறது என்று அர்த்தம். பரிமாறுவது அந்த வீட்டுப் பாட்டி, கணக்கு எழுதுவது பேத்தி. வாரம் பூராவும் நல்ல உணவகங்களைத் தேடி அலைவதைவிட, துடைப்பம் தொங்குகிற வாசல்களைத் தேடுங்கள்.

குடிக்கிற வாசகர்களுக்கும் சேர்த்து ஒன்று. சைக்கிள்தானே என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் ரத்தத்தில் ஆல்கஹால் ஆயிரத்துக்கு 1.6 என்ற அளவைத் தொட்டால் சைக்கிள் ஓட்டுவது குற்றம். தள்ளாடி ஓட்டினாலோ விபத்து நடந்தாலோ 0.3-லேயே வழக்கு வரும். பாதைக்குப் பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது, தடுப்புச் சுவர் கிடையாது. சைக்கிளை இரவுக்கு நிறுத்திய பிறகு குடியுங்கள்.

நாங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்காரர்கள். பன்னீர் திராட்சை, கல்தூண் நட்டுப் பந்தல் போட்டு வளர்க்கிறோம். செங்குத்தான மலையில் வளர்க்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது எப்படி? ஏன் அவ்வளவு சிரமப்பட வேண்டும்?
– கம்பம் வாசகர்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உங்கள் ஊரில் வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் பறிப்பார்கள், 2023-ல் புவிசார் குறியீடும் வந்தது. அங்கே வருடத்துக்கு ஒரே காய்ப்பு. குளிர்காலத்தில் கவாத்து, ஜூன் வாக்கில் பூ, செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுவடை. வெயில்தான் அவர்களுக்குப் பற்றாக்குறை. உங்களுக்கு வெயிலைத் தடுக்கப் பந்தல் நிழல் வேண்டும், அவர்களுக்குக் கிடைக்கிற ஒரு கீற்று வெயிலையும் விடாமல் பிடிக்க வேண்டும். அந்த வடக்குத் திசை நாட்டில் சூரியன் தாழவே போவதால் சமதளத்தில் வெயில் சாய்ந்து விழும். தெற்கு பார்த்த செங்குத்துச் சரிவில் அதே வெயில் நேராக விழும். அதற்காகத்தான் மலை ஏறினார்கள்.

இரண்டாவது, கல். நாம் ஒன்றாம் வகுப்பில் எழுதினோமே சிலேட்டு, அந்தக் கல்லேதான். சரிவு முழுக்க மண்ணைவிட சிலேட்டுச் சில்லுகள்தான் அதிகம், கருநீலமாக, சில இடங்களில் செம்பழுப்பாக. ஒரு சில்லை எடுத்து இன்னொன்றின் மேல் கீறினால் வெள்ளைக் கோடு விழுகிறது, தங்கை அதில் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். பகல் பூராவும் இந்தக் கல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்கிறது. ஒரு செப்டம்பர் மாலை, சூரியன் மலைக்குப் பின்னால் போய் அரைமணி ஆன பிறகு ஒரு தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்தேன், காற்று சில்லென்று இருக்கிறது, உட்கார்ந்த கல் மட்டும் அடுப்புத் திண்ணை மாதிரி கதகதப்பாக இருக்கிறது. கொடிக்கு இரவிலும் அந்தச் சூடு கிடைக்கிறது. கீழே ஓடுகிற ஆறும் குளிரை மட்டுப்படுத்துகிறது.

பந்தல் கிடையாது. பழைய சரிவுகளில் கொடிக்கு ஒரு கம்பு, ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். இரண்டு கிளைகளை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கவாத்து செய்து, அந்த இரண்டையும் வளைத்துக் கீழே கொண்டுவந்து தண்டோடு கட்டுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கம்பிலும் ஓர் இதய வடிவம் தொங்குகிறது. வரிசைக் கம்பி இல்லாததால் சரிவில் பக்கவாட்டாகவும் நடக்கலாம், அதுவும் ஒரு வசதி. டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் பிடித்து ஏறுகிற ஒரு குட்டி வண்டி வைத்திருக்கிறார்கள், ஓட்டுகிறவர் ஒருவர், பின்னால் பழப்பெட்டிகள். பறிப்பு முழுக்கக் கைதான். ப்ரெம் என்ற ஊருக்கு மேலே கால்மோன்ட் என்று ஒரு சரிவு, சில இடங்களில் சாய்வு 65 டிகிரி, உலகத்திலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் ஒன்று. அதன் குறுக்கே இரும்பு ஏணியும் கம்பியும் வைத்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். ஐந்தாம் நாள் அந்த வளைவு வழியாகத்தான் போவீர்கள், எதிர்க்கரையில் கூரை இல்லாத பழைய மடம் ஒன்று நிற்கும், அங்கே நின்று நிமிர்ந்து பாருங்கள், மேலே ஆட்கள் குனிந்து வேலை செய்வது சுவரில் எறும்பு ஊர்வது போலத் தெரியும்.

ஏன் சிரமப்பட வேண்டும் என்று கேட்டீர்கள். அவர்களும் இப்போது அதையே கேட்டுக்கொள்கிறார்கள். சமதளத் தோட்டத்தைவிட இங்கே பல மடங்கு ஆள்வேலை. மோசெல் கரையில் திராட்சைப் பரப்பு 1990-களில் இருந்ததைவிட இன்று நன்றாகவே குறைந்துவிட்டது. பாதையில் போகும்போதே தெரியும், நன்றாகப் பராமரித்த தோட்டத்துக்குப் பக்கத்திலேயே முள் மண்டிய சரிவு, இடிந்த கல்வரப்பு. அந்தக் கல்வரப்புகளிலும் பாறைச் சரிவுகளிலும் வாழ்கிற அப்பல்லோ பட்டாம்பூச்சியும் கூடவே குறைகிறது. பிள்ளைகள் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட்ட வீடுகள் நிறைய. கம்பத்தில் இருக்கிற உங்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் போனால் ஒரு விவசாயியிடம் நானும் திராட்சைக்காரன்தான் என்று சொல்லுங்கள். உங்கள் பந்தல் போட்டோ ஒன்றைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள், மொழி தெரியாவிட்டாலும் இரண்டு மணி நேரம் போய்விடும்.

இவ்வளவு வடக்கே திராட்சை எப்படிப் போனது? யார் கொண்டுபோனது?
– மதுரைக் கல்லூரி மாணவி

ரோமானியர்கள். டிரியர் அவர்களுடைய பெரிய நகரம். கறுத்துப்போன கல்லில் நிற்கிற போர்ட்டா நிக்ரா என்ற நகர வாயில் இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இன்றைக்கும் அதன் வழியாக நடக்கலாம். பீஸ்போர்ட் என்ற ஊரில் ஆற்றோரத்தில் ரோமானியர் காலத்துத் திராட்சை பிழியும் தொட்டிகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். நோய்மாகனில் 1878-ல் ஒரு கல் சிற்பம் கிடைத்தது: துடுப்புப் போடுகிறவர்கள், நடுவில் ஒயின் பீப்பாய்கள், இரண்டு முனையிலும் மிருகத் தலை வைத்த ஒரு கப்பல், ஏறக்குறைய 1,800 வருடத்துக்கு முந்தையது. யாரோ ஒரு ஒயின் வியாபாரியின் சமாதிக்கு மேலே இருந்தது என்கிறார்கள். அசல் டிரியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதைத்தான் நின்று பாருங்கள், சுக்கான் பிடிக்கிறவர் முகத்தில் சிரிப்பு இருக்கிறது. அதைப் பார்த்து மரத்தில் செய்த கப்பல் ஒன்று 2007-லிருந்து நோய்மாகனில் தண்ணீரில் மிதக்கிறது.

ரோமானியர் ஒயின் நம் கரைக்கும் வந்தது உங்களுக்குத் தெரியும், அரிக்கமேட்டில் கிடைத்த மண்ஜாடித் துண்டுகள் அதற்குச் சாட்சி. அது மோசெல் ஒயின் இல்லை, மத்தியதரைக் கடல் பக்கத்தது. கடல் தாண்டி வந்தது மண்ஜாடியில், இந்த ஆற்றில் போனது மரப்பீப்பாயில்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் சமாளிக்க முடியுமா?
– கும்பகோணம் வாசகி

முடியும், முன்யோசனை வேண்டும். காலை உணவு தங்குமிடத்திலேயே பலமாகக் கிடைக்கும்: சின்னச் சின்ன ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டை, ஜாம். அந்தப் பக்கத்துத் திராட்சைச் சரிவில் விளைகிற சிவப்புச் சதைப் பீச் பழ ஜாம் இருந்தால் விடாதீர்கள். மதியத்துக்கு பேக்கரி. இரவில் உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி தட்டிப் பொரித்து ஆப்பிள் மசியலோடு தருவது எல்லா ஊரிலும் இருக்கிறது, பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்லே என்ற மாவு உணவும் இருக்கும். ஏப்ரல் முதல் ஜூன் 24 வரை வெள்ளை அஸ்பாரகஸ் தண்டைக் கொண்டாடித் தின்பார்கள்.

கவனமாக இருக்க வேண்டியது பன்றிக்கொழுப்புத் துண்டுகளிடம். வெங்காய அடை, மெல்லிய ஃப்ளாம்கூஹன் ரொட்டி, உருளைக்கிழங்கு வறுவல், எல்லாவற்றிலும் பொடியாகப் போட்டுவிடுவார்கள், காய்கறி உணவு என்று எழுதியிருந்தாலும் கேட்டுக்கொள்ளுங்கள். "ஓனே ஷ்பெக்", பன்றிக்கொழுப்பு இல்லாமல், இந்த இரண்டு வார்த்தையை மனப்பாடம் செய்யுங்கள். இரண்டு மூன்று இரவு சமையலறை உள்ள வீடாக எடுத்தால் புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் கொண்டுபோய் ஒரு சோறு வைத்துச் சாப்பிடலாம், ஐந்தாம் நாள் அதன் அருமை தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடை எதுவும் திறக்காது. சனி சாயங்காலமே வாங்கி வையுங்கள். சின்ன விடுதிகளில் கார்டு வாங்காமல் ரொக்கம் கேட்பதும் உண்டு.

இங்கிருந்து சைக்கிளைக் கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?
– ஈரோடு வாசகர்

ஏழு நாள் பயணத்துக்கு வாடகைதான் சரி. டிரியரில் எடுத்து கோப்லென்ஸில் விட முடியுமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ரயிலில் டிரியருக்குத் திரும்பினால் ஒன்றரை மணி நேரம்தான், வட்டார ரயிலில் சைக்கிள் ஏற்ற இடம் உண்டு. பக்கவாட்டுப் பைகள் கேரியரில் மாட்டித் தருவார்கள். முதுகில் பை போட்டு ஓட்ட வேண்டாம். அடுத்த விடுதிக்குப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவையும் இருக்கிறது.

எடுத்ததும் கடை வாசலிலேயே பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள், இதை நான் கட்டாயமாகச் சொல்வேன். அங்கே வாடகைச் சைக்கிள் பலவற்றில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பின்சக்கர பிரேக் பிடிக்கும். நமக்கு நிற்கும்போதும் இறக்கத்திலும் பெடலைச் சும்மா பின்னால் சுற்றிக்கொண்டு இருப்பது பழக்கம். முதல் தடவை எனக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஒரு பாலத்து இறக்கத்தில் கால் தானாகப் பின்னால் போனது, சைக்கிள் சட்டென்று நின்றது, நான் கம்பியில் போய் மோதினேன், முழங்கை பதினைந்து நாள் வீங்கி இருந்தது. வேண்டாம் என்றால் இது இல்லாத வண்டி கேளுங்கள், இருக்கும்.

டயரைப் பாருங்கள், வால்வு பல வண்டிகளில் நம்மூர் சைக்கிளில் இருக்கிற அதே பழைய வகைதான். ட்யூப் ஒன்று, பம்ப், பூட்டு மூன்றும் கேட்டு வாங்குங்கள். முன்னும் பின்னும் விளக்கு சட்டப்படி கட்டாயம். ஹெல்மெட் கட்டாயமில்லை, நான் போடாமல் ஓட்ட மாட்டேன். அப்புறம் முக்கியமானது, அங்கே வலதுபக்கம் ஓட்ட வேண்டும். நேர்ச்சாலையில் மறக்காது, காலியான சின்னத் தெருவில் திரும்பும்போதுதான் மறந்துவிடும். போர்டு இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழிவிட வேண்டும்.

அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலி. கூட்டிப் போகலாமா?
– ஒசூர் வாசகி

எங்கள் அம்மாவுக்கு அப்போது 66. பேட்டரி சைக்கிள் எடுத்துக் கொடுத்தோம். நாம் மிதித்தால்தான் மோட்டார் உதவும், 25 கி.மீ. வேகத்தோடு நின்றுவிடும், உரிமம் தேவையில்லை. ஏறி இறங்கக் குறுக்குக் கம்பி தாழ்வாக இருக்கும் வண்டியாகக் கேளுங்கள். பேட்டரி வண்டி கனம் அதிகம், படிக்கட்டில் அம்மாவால் தூக்க முடியாது, அந்த வேலை உங்களுடையது.

முடியாத நாளில் என்ன செய்வது என்று யோசித்து வையுங்கள். கோஹெமிலிருந்து கோப்லென்ஸ் வரை தண்டவாளம் ஆற்றோடேயே வருகிறது, எந்த ஊரிலும் ஏறிக்கொள்ளலாம். ஆனால் டிரியருக்குக் கீழே டிராபன் வரைக்கும் ஆற்றங்கரையில் ரயிலே இல்லை, தண்டவாளம் மலைக்கு உள்ளே வேறு வழியில் போய்விடுகிறது. அந்தத் துண்டில் பருவகாலத்தில் சைக்கிள் ஏற்றும் டிரெய்லர் மாட்டிய பஸ் ஓடும், நேரம் பார்த்து வையுங்கள். பெர்ன்காஸ்டெலிலிருந்து டிராபனுக்குப் படகிலும் போகலாம். நாங்கள் அப்படித்தான் அம்மாவை ஒரு நாள் படகில் ஏற்றிவிட்டோம், மதகுத் தொட்டிக்குள் தண்ணீர் இறங்க இறங்கப் படகும் இறங்குவதைப் பார்த்ததைத்தான் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார். 1964-ல் இந்த ஆற்றைப் பெரிய சரக்குக் கப்பல் போகும்படி மாற்றினார்கள், டிரியருக்கும் கோப்லென்ஸுக்கும் நடுவில் மட்டும் அப்படிப் பத்து மதகுகள். தண்ணீர் குளம் போல அமைதியாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எந்த மாதம் நல்லது?
– விழுப்புரம் வாசகர்

மே, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம். எனக்கு செப்டம்பர்தான். பாதையிலேயே பழப்பெட்டி டிராக்டர்கள் எதிரே வரும், காற்றில் புளித்த வாசனை இருக்கும். வார இறுதியில் ஊருக்கு ஊர் ஒயின் திருவிழா என்பதால் அறை கிடைப்பது கஷ்டம், முன்பே போட்டுவிடுங்கள். குளிர்காலம் வேண்டாம். ஆறு கரை தாண்டினால் முதலில் முழுகுவது சைக்கிள் பாதைதான். பழைய வீட்டுச் சுவர்களில் வெள்ளம் வந்த உயரத்தைக் கோடு போட்டு வருடம் எழுதி வைத்திருப்பார்கள், 1993 டிசம்பர் கோடு என் தலைக்கு மேலே இருந்தது.

கோட்டைகள் நிறைய இருக்கிறதாமே, எதைப் பார்ப்பது?
– சேலம் வாசகி

எல்ட்ஸ். ஒன்றே ஒன்று என்றால் அதுதான். கோஹெம் கோட்டை படத்தில் அழகு, ஆனால் இடிந்து கிடந்ததை 19-ஆம் நூற்றாண்டில் பெர்லின் பணக்காரர் ஒருவர் திரும்பக் கட்டியது. எல்ட்ஸ் இடிக்கப்படவே இல்லை, 800 வருடத்துக்கு மேலாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. மோசெல்கெர்னில் சைக்கிளைப் பூட்டிவிட்டு ஓடையோரமாகக் காட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் நடக்க வேண்டும், கடைசித் திருப்பம் வரைக்கும் கண்ணிலேயே படாது. ஆறாம் நாளை 27 கி.மீ.யோடு நிறுத்தியது இதற்காகத்தான். குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

கடைசி நாள் பாதை நெடுஞ்சாலைக்கும் ரயிலுக்கும் பக்கத்திலேயே போவதால் இரைச்சல் இருக்கும், இந்தப் பயணத்தில் எனக்குப் பிடிக்காத துண்டு அது. ஆனாலும் ரயிலில் தாவாமல் ஓட்டியே முடியுங்கள், கோப்லென்ஸில் மோசெல் ரைனோடு சேருகிற முனைக்கு சைக்கிளிலேயே போய் நிற்க வேண்டும். பவானி கூடுதுறையில் படியில் நின்று இரண்டு ஆறும் ஒன்றாவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த ஊரின் பெயருக்கே லத்தீனில் கூடுகிற இடம் என்றுதான் பொருள்.

வேலை விஷயமாக ஃபிராங்க்ஃபர்ட் போகிறேன். ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். எந்தத் துண்டு ஓட்டலாம்?
– திருச்சி வாசகர்

முந்தின இரவே பெர்ன்காஸ்டெல்-கூஸ் போய்த் தங்கிவிடுங்கள். 1416-ல் கட்டிய ஒரு வீடு அங்கே சந்தைச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, கீழே ஒடுங்கி மேலே அகன்று, இப்போதோ அப்போதோ என்று இருக்கும், காலை ஏழு மணிக்கு ஆள் வருவதற்கு முன் அதைப் பாருங்கள். அப்புறம் சைக்கிள் எடுத்து டிராபன் வரை 24 கி.மீ., இடது கரையிலேயே. எதிர்க்கரைதான் நன்றாக இருக்கும் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், இடது கரையில் போனால்தான் ஆற்றைத் தாண்டி முழுச் சரிவும் கண்ணில் படும். வேலன் என்ற ஊருக்கு வந்ததும் நிறுத்துங்கள். எதிரே தோட்டத்துக்கு நடுவில் பாறையில் ஒரு பெரிய சூரியக் கடிகாரம் இருக்கிறது, 1842-ல் வைத்தது. மேலே வேலை செய்கிறவர்கள் சாப்பாட்டு நேரத்தை அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். வெயில் இருந்தால் இந்தக் கரையில் நின்றே மணி படிக்கலாம். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதால் உங்கள் கைக்கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னால் காட்டும், அது அந்தக் கடிகாரத்தின் பிழை இல்லை.